சாவியை எடுத்த பிறகும் ஓடிய இன்ஜின்

சாவி என் கையில் இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

கார்த்திக்தான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரிலிருந்து குதித்தான். என் கையில் அதைத் திணித்துவிட்டு, "ஆன்ட்டி, ஆஃப் பண்ணிட்டேன், ஆஃப் பண்ணிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னதில் பொய் இல்லை. கார்தான் கேட்கவில்லை. உள்ளே ஆளே இல்லாமல், யாரும் எதையும் மிதிக்காமல், அதன் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பின்னால் குழாயிலிருந்து வந்த நீலப் புகையில் எதிர்ச் சுவர் மறைந்துவிட்டது. தெருவோரக் கடையில் பழைய எண்ணெயில் பஜ்ஜி போடும்போது ஒரு வாடை வருமே, அதைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பு சின்னது. நான்கு மாடி, அடியில் கார் நிறுத்தும் இடம். மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் எல்லோரும் கீழேதான் இருந்தார்கள். எல்லோரும் பின்வாங்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் மட்டும் எழுந்து காரை நோக்கி நடந்தார்.

அவர் ஏன் போனார் என்று சொல்ல வேண்டுமானால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வாராவாரம் இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என்னுடைய இந்த வியாதி பழகியிருக்கும். புதிதாக வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் நேராக நடக்கிற தெம்பு எனக்கு இப்போதெல்லாம் இல்லை.

குச்சி பார்க்கும் ஞாயிறு

என் கணவர் தனசேகர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். புது இன்ஜின்களை இரும்பு மேடையில் பூட்டி, மணிக்கணக்காக ஓடவிட்டுச் சோதிக்கிற வேலை. வீட்டுக்கு வரும்போது காது அடைத்துப்போய் வருவார். நான் சொல்வது காதில் விழாததற்கு அவரிடம் நல்ல காரணம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அதே காரணத்தைத்தான் சொன்னார்.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய டீசல் கார். ஆயிரத்து முந்நூறு சிசி, நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, டர்போ. பாருங்கள், எனக்கே மனப்பாடமாகிவிட்டது. எத்தனை குதிரைசக்தி, எவ்வளவு வேகத்தில் சுற்றும்போது அதிக இழுவை, எத்தனை லிட்டர் ஆயில் பிடிக்கும், எல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும். கல்யாண நாளை மட்டும் நான் நினைவுபடுத்த வேண்டும்.

ஞாயிறு காலை ஆனால் பானெட்டைத் திறந்துவிடுவார். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, பழைய பனியனில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அப்புறம் கூலன்ட், பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளைப் பொடி, பெல்ட், ஏர் ஃபில்டர். பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில், ஃபில்டரைத் தட்டினால் தொட்டியில் செடி வைக்கிற அளவுக்கு மண் கொட்டுகிறது என்பார்.

அந்தப் பழக்கம் மெல்லக் குடியிருப்பு முழுக்கத் தொற்றிக்கொண்டது. அவரே சொல்லிக் கொடுத்ததுதான். ஞாயிறு காலையில் வரிசையாக பானெட்டுகள் திறந்திருக்கும், ஆளுக்கொரு பழைய பனியனோடு ஆண்கள் குனிந்திருப்பார்கள்.

அவர்களில் மூன்று பேர் இந்தக் கதைக்கு முக்கியம். கீழ்வீட்டு டில்லி இந்த ஊர்ப் பூர்வீகக்காரர். அவர் குடும்பம் பயிர் வைத்த நிலத்தில்தான் எங்கள் கட்டடமே நிற்கிறது. இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார். கார்த்திக் மூன்றாம் மாடி, கோவில்பட்டிப் பையன், ஐடி வேலை. சுந்தரேசன் சார் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்புச் சங்கத்துக்குச் செகரட்டரி.

"ஊட்ல ஒரு தம்ளரக் கழுவ மாட்டாரு, குச்சிய எப்டி தொடைக்கிறாரு பாரு அண்ணி" என்று டில்லியின் மனைவி மாடிப்படியில் நின்று என்னிடம் சொல்வாள். இருவரும் சிரிப்போம்.

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

ஆடி முடிகிற சமயம். பல் தேய்க்கப் போனவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம். இடது கை, இடது கால், கூடவே பேச்சும் குழறிவிட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். முதல் நாள், "ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் எண்ணுங்க சார்" என்றாள். அவர் நிதானமாக, "ஒண்ணு... மூணு... நாலு... ரெண்டு" என்றார். அவள் முகம் வாடிவிட்டது. என்னைச் சமையலறைப் பக்கம் அழைத்து, மூளையில் வரிசையும் பாதிக்கப்பட்டிருக்கிறது போல என்று மெதுவாகச் சொன்னாள்.

எனக்கு அந்தக் கஷ்டத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜினில் நாலு சிலிண்டரும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது, இந்த வரிசையில்தான் ஒவ்வொன்றாக எரியும், அதைத்தான் சொல்கிறார் என்று விளக்கினேன். அன்றிலிருந்து பாட்டு, ஸ்லோகம் எதுவும் வேண்டாம், இன்ஜின் கணக்கையே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் நான் காய் நறுக்கும்போது கூடத்திலிருந்து குரல் வரும். "ஆ...யிரத்து முந்...நூறு சிசி. நா...லு சிலிண்டர்."

ஆரம்பத்தில் அதைக் கேட்டால் மனசு நிறைந்தது. போகப் போக அலுத்தது. இதைச் சொல்லக் கூடாது என்பார்கள், நான் சொல்கிறேன். குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, மருந்து, பயிற்சி, மறுபடி மருந்து. துக்கம் எல்லாம் முதல் மாதத்தோடு சரி. அதற்குப் பிறகு மிஞ்சியது அலுப்புதான். படுத்தால் தூக்கம் வராது, எழுந்தால் உடம்பு வராது.

டாக்டர் என்னிடம் விட்ட வேலை

கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் அவருக்கு ஒரே குறிதான். பொங்கலுக்கு ஆவடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குத் தானே கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அது நடந்துவிட்டால் தான் பழைய ஆளாகிவிட்டதாக அவருக்குக் கணக்கு. தங்கைக்கு போன் செய்து, "கோலத்தக் கொஞ்சம் தள்ளிப் போடு, வண்டி நிறுத்தணும்" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

மழைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கால் மட்டும் பிரச்சினை இல்லையாம். இடது பக்கம் இருப்பது அவர் கவனத்தில் ஏறுவதில்லை. கண் பார்க்கிறது, மூளை வாங்கிக்கொள்வதில்லை. இனி வண்டி ஓட்டவே கூடாது. "நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்கம்மா" என்றார்.

பக்குவம்! கொழுக்கட்டை மாவுக்குப் பக்குவம் கேளுங்கள், சொல்கிறேன். இதற்கு எந்தப் பக்குவம்?

டாக்டர் சொன்னது எனக்கும் தெரியாததில்லை. தட்டில் நாலு இட்லி வைத்தால், வலது பக்கம் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன, ரெண்டுதானா?" என்று கேட்பார். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். "ஓ, இருக்கா" என்று மீதியையும் சாப்பிடுவார். அந்த மனிதரிடம் எந்த நேரத்தில் இதைச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

எங்களை ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் அழைத்துப் போனவன் கார்த்திக். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது அவனும் துணைக்கு வந்து பக்கத்திலேயே நின்றான். அவனிடமிருந்து டில்லிக்கு, டில்லியிடமிருந்து செகரட்டரிக்கு. தீபாவளிக்குள் எங்கள் கட்டடத்தில் அது தெரியாத ஒரே ஆள் என் கணவர்தான். நான் சொல்லிவிடுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "சொல்ட்டியா அண்ணி?" என்று டில்லி கண்ணாலேயே கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன்.

ஆளுக்கொரு கை எண்ணெய்

பார்க்கிங்கில் மழைத்தண்ணீர் புகும் என்று எங்கள் காரை வாசல் சரிவில், மூக்கை மேலே தூக்கினாற்போல நிறுத்தி வைத்தான் கார்த்திக். மழை விட்ட பிறகும் அது அங்கேயே நின்றது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட விடுவான்.

என் கணவர் பால்கனியில் உட்கார்ந்திருப்பார். கீழே யார் தலை தெரிந்தாலும் ஒரே கேள்வி. "ஆ...யில் பாத்தியா?" பார்த்துவிட்டேன் என்று எல்லோரும் சொல்வார்கள். பார்க்கவும் செய்தார்கள். கோளாறு அங்கேதான்.

ஆயில் அளவை வண்டி சமதளத்தில் நிற்கும்போது, இன்ஜினை அணைத்துச் சற்றுப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் எல்லாம் ராத்திரி முழுக்க ஆறி, சமமான தரையில்தான் நிற்கும். அதனால் அந்த நிபந்தனையை யாரும் மனதில் வாங்கவே இல்லை. கார்த்திக் இன்ஜினை அணைத்த கையோடு குச்சியை உருவுவான். அப்போது எண்ணெய் மேலெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும், கீழே இறங்கியிருக்காது. குறைகிறதே என்று ஒரு கை ஊற்றுவான். டில்லி அப்புறம் வந்து பார்ப்பார். சரிவில் நிற்கிற வண்டியில் எண்ணெய் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, அவருக்கும் குச்சியில் குறைவாகத்தான் தெரியும். அவரும் ஒரு கை ஊற்றுவார். செகரட்டரி சார் சாயங்கால நடைக்குப் போகும்போது, கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டுத் தன் பங்கைச் செலுத்துவார்.

ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால், செய்த உதவியைத் தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும் என்று ஆளுக்கொரு கூச்சம். இந்தக் கூச்சம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த இன்ஜின் தப்பித்திருக்கும்.

மறுபடி அந்த ஞாயிறு

அன்று அவர் கீழே வந்ததே கிளட்ச் மிதித்துப் பழகத்தான். ஓட்டப் போவதில்லை, ஸ்டார்ட் செய்த வண்டியில் உட்கார்ந்து காலைப் பழக்குவது மட்டும்தான் என்று பேச்சு. மேலே சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இந்தச் சட்டை நல்லா இருக்கா?" என்றார். நல்லா இருக்கு என்று சொல்லி, பொத்தானைப் போட்டுவிட்டேன்.

கார்த்திக் காரைச் சரிவிலிருந்து இறக்கி, இன்ஜினை அணைக்காமல் சமதரையில் நிறுத்தினான். நிறுத்திய கொஞ்ச நேரத்தில் புகை. அதற்குப் பிறகு அந்தச் சத்தம்.

என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அளவுக்கு மீறி நிறைந்த எண்ணெயை உள்ளே சுற்றுகிற தண்டு கடைந்து அடிக்க, அது காற்று போகும் வழியில் ஏறி, எரிகிற இடத்துக்கே போய்விட்டது. சாவியைத் திருப்பினால் டீசல் மட்டும்தான் நிற்கும். டீசல் நின்றாலும் இன்ஜின் தன் எண்ணெயையே குடித்து ஓடும். எண்ணெய் தீரும் வரையோ, உடைந்து சிதறும் வரையோ ஓடும்.

என் கணவருக்கு அது சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஏதோ கத்தினார். அந்த இரைச்சலில், குழறுகிற பேச்சில், யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"விடு கோமதி" என்றார். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

கம்பைக் கீழே போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். இடது முழங்காலுக்கு மேல் பேன்ட் துணியை வலது கையால் கொத்தாகப் பிடித்து, காலைத் தூக்கி கிளட்ச் மேல் வைத்தார். உடம்பையே சாய்த்து அதை அழுத்தினார். வலது கால் பிரேக்கில். வலது கையைக் குறுக்கே நீட்டி கியரை இழுத்துப் போட்டார். கிளட்சிலிருந்து கால் வந்ததும், பிரேக் பிடித்த சக்கரங்களோடு மல்லுக்கட்ட முடியாமல் வண்டி ஒரு எகிறு எகிறி, இன்ஜின் திணறி நின்றது. தீப்பிடித்துவிடும் என்று பயந்து நனைத்த சாக்கோடு முன்னால் வந்திருந்த டில்லி துள்ளி ஒதுங்கினார்.

சத்தம் அடங்கியது. என் காதில் மட்டும் வெகுநேரம் ரீங்காரம் ஓடியது.

முதலில் கை தட்டியது யார் என்று தெரியாது. எல்லோரும் தட்டினார்கள். டில்லி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அண்ணாத்தே, பின்னிட்டே போ! எங்களுக்கெல்லாம் கை காலு ஒதறிகினு கீது, நீ இன்னாடான்னா கெத்தா ஏறி குந்திகினு நிறுத்திட்டியே!"

கரையான்சாவடியிலிருந்து மெக்கானிக் வந்தார். அடியில் திருகைக் கழற்றியதும் எண்ணெய் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு தொட்டி நிரம்பி, நான் மாவுச்சட்டியை எடுத்து வந்து வைத்தேன்.

"யாரு சார் இவ்ளோ ஊத்துனது?" என்றார் மெக்கானிக்.

"நான் கொஞ்சமாத்தான் ஊத்துனேன். தினமும் இல்ல" என்றான் கார்த்திக்.

"நீயுமா? நானும் அப்பப்ப கொஞ்சூண்டு ஊத்திகினு கீறேனேப்பா!" என்றார் டில்லி.

செகரட்டரி சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானும்... ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு..."

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். என் கணவர் சிரித்தார். ஆடி மாதத்துக்குப் பிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. இன்ஜினைப் பிரித்தால்தான் சேதம் தெரியும் என்றார் மெக்கானிக்.

மத்தியானம்

எல்லோரும் போன பிறகு பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்தோம். கீழே கார் பானெட் திறந்தபடி நின்றது. எனக்கு உடம்பெல்லாம் வலித்தது.

"எல்லாரும் கை தட்டுனாங்க இல்ல?" என்றார்.

"ஆமாங்க."

"கிளட்ச்லேர்ந்து நான் கால எடுக்கல கோமதி. அது தானா நழுவிடுச்சு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"டில்லி எதிர்ல நின்னுட்டிருந்தான். கால் நழுவுன பிறகுதான் பாத்தேன். இடது பக்கமா நின்னான். அவ்ளோ பெரிய ஆளு, எனக்குத் தெரியவேயில்ல. பிரேக்கு சரியா புடிக்கலைன்னா?"

அவர் கீழே காரைப் பார்த்தார்.

"டாக்டர் உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"சொன்னாரு."

"என்னான்னு?"

எத்தனையோ வாரமாக இதற்கு நான் சேர்த்து வைத்த நயமான சொற்கள் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. "இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொன்னாரு."

"பொங்கலுக்கு அப்புறமும்?"

"எப்பவுமே."

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. உள்ளதைச் சொன்னால் என்ன, நெஞ்சு லேசாகிவிட்டது. சுமையை இறக்கி வைத்த நிம்மதி. அவர் அழும்போது எனக்கு நிம்மதியாக இருந்ததை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

வலது கையால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"டில்லிக்கு?"

"தெரியும்."

"கார்த்திக்குக்கு?"

"அவனுக்குத்தான் மொதல்ல."

டீ ஆறிப்போய்விட்டது. சூடு பண்ணட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கை காட்டினார்.

"நான் ஓட்ட மாட்டேன்னு தெரிஞ்சுமா அவ்ளோ பேரும் ஆயில் ஊத்துனாங்க?"

"ஆமாங்க."

காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளவு பாத்து ஊத்தியிருக்கலாம்" என்றார்.